மஞ்சள் தெளியாத குழந்தை: பித்தநாள அடைப்பும் அறுபது நாள் கணக்கும்

பிறந்த குழந்தைக்குக் காமாலை வருவது புதிதல்ல. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிலேயே பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சள் பூத்துத்தான் இருக்கும். ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது வெளிவரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியைக் கையாளப் பிஞ்சுக் கல்லீரல் இன்னும் பழகவில்லை என்பதே காரணம். சில நாளில் தணிந்துவிடும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் சிலருக்கு அது ஒரு மாதம், இரண்டு மாதம்கூட இழுக்கும். அதனாலும் கெடுதல் இல்லை. எனவே 'பயப்படாதீர்கள், போய்விடும்' என்று மருத்துவர் சொன்னால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுசெல்லும் நாளம் மூடிப்போகும், பிலியரி அட்ரீசியா எனப்படும் பித்தநாள அடைப்பு நோய்க்கு ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பித்தத்துக்கு வழி செய்யும் அறுவையை அறுபது நாளுக்குள் செய்தால் பலன் அதிகம் என்பதால், அது ஒளிந்திருக்கும் ஒவ்வொரு நாளும் இழப்புதான்.

இந்த நோய் உள்ள குழந்தையைப் பார்த்தால் நோயாளி என்றே தோன்றாது. பால் குடிக்கும், எடை ஏறும், முகம் பார்த்துச் சிரிக்கும். மஞ்சளும் கடுமையாக இருக்க வேண்டியதில்லை. மொத்த பிலிருபின் 6 அல்லது 8 என்று நிற்கும். முதல் வாரக் காமாலையில் 15-ஐத் தாண்டிய எண்களைப் பார்த்துப் பழகியவருக்கு இது ஒன்றுமில்லை என்றுதான் படும். ஆனால் அந்த 8-க்குள் எது எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கல்லீரல் இன்னும் பதப்படுத்தாத பிலிருபின் மறைமுக வகை. சாதாரணக் காமாலையில் ஏறுவது இது. கல்லீரல் பதப்படுத்திப் பித்தத்தில் கலந்து அனுப்பத் தயாராக வைத்திருப்பது நேரடி வகை. இந்த இரண்டாவது வகை ரத்தத்தில் தேங்கினால் கல்லீரல் தன் வேலையைச் செய்துவிட்டது, வெளியேறும் வழிதான் சரியில்லை என்று பெரும்பாலும் பொருள். நேரடி பிலிருபின் ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினாலே அதை இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் நீடிக்கும் எந்தக் குழந்தைக்கும் இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று குழந்தைகள் கல்லீரல் நிபுணர்களின் வழிகாட்டுதல்கள் சொல்வது இதனால்தான். வெயிலில் காட்டுவதும் நீல விளக்கின் கீழ் வைப்பதும் மறைமுக வகையைத்தான் குறைக்கும். அடைப்பு இருக்கும் குழந்தையை விளக்கின் கீழ் வைத்தால் நாள்தான் போகும்.

ரத்தப் பரிசோதனைக்கு முன்பே தகவல் சொல்லக்கூடிய ஒன்று வீட்டிலேயே இருக்கிறது: அணையாடை. கைக்குழந்தையின் சிறுநீர் ஏறக்குறைய நிறமற்றது. துணியில் கறை விடாது. நேரடி பிலிருபின் சிறுநீரில் இறங்கத் தொடங்கினால் துணியில் அடர்மஞ்சள் கறை படியும். மலம் அதற்கு நேர்மாறாக வெளுக்கும். மஞ்சள், கடுகு நிறம், பச்சை எல்லாம் சரி. வெளிர் மஞ்சள், களிமண் சாம்பல், சுண்ணாம்பு வெள்ளை சரியில்லை. மலத்துக்கு நிறம் தருவதே குடலுக்குள் வந்து சேரும் பித்தம்தான். இதில் கண்ணை ஏமாற்றும் விஷயங்கள் இரண்டு உண்டு. அடைப்பு முழுமையாகாத முதல் வாரங்களில் மலத்தில் ஓரளவு நிறம் இருக்கும். அதோடு, மஞ்சள் ஏறிய குடல் சவ்வின் சளி மலத்தின் மேல் பூசிக்கொண்டு வரலாம். மேலே மஞ்சளாகத் தெரிவதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும். இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.

இதையே ஒரு நாட்டளவுத் திட்டமாக்கியது தைவான். இயல்பான நிறங்களும் சந்தேகத்துக்குரிய நிறங்களும் படமாக அச்சிட்ட மல நிற அட்டையை 2002-இல் சோதனையாகத் தொடங்கி, 2004-இல் நாடு முழுவதும் தாய்மார்களின் கைக்குக் கொண்டுபோனார்கள். அறுபது நாளுக்குள் அறுவை சிகிச்சை பெற்ற குழந்தைகளின் பங்கு பாதியளவிலிருந்து மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது. ஜப்பான் 2012-இல் இதே மாதிரி அட்டையைத் தாய்சேய் நலக் கையேட்டிலேயே சேர்த்தது. மருத்துவத்தில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தந்தவை அதிகமில்லை.

நோய் என்ன செய்கிறது? கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தநாளங்களின் சுவர் அழற்சியால் தடித்து, உள்வழி மூடி, கடைசியில் வெறும் நார்க்கயிறாகிவிடுகிறது. பொதுப் பித்தநாளம் மட்டும் மூடியிருப்பது முதல் வகை. சற்று மேலே, கல்லீரலிலிருந்து வரும் பொது நாளம் மூடியிருப்பது இரண்டாவது. இவ்விரண்டும் குறைவு. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மூன்றாவது வகைதான்: கல்லீரலின் வாசலிலேயே எல்லாம் மூடிக் கிடக்கும். வெளியேற முடியாத பித்தம் கல்லீரல் செல்களைச் சிதைக்க, தழும்புத் திசு பரவி, சில மாதங்களிலேயே கல்லீரல் இறுகிச் சுருங்குகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வரும் இந்த நோய், கிழக்காசியாவில் இன்னும் அதிகம்.

காரணம் பிடிபடவில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரிலும் பெரும்பாலும் ஒருவருக்குத்தான் வருகிறது என்பதால் மரபணுவின் மேல் மட்டும் பழி போட முடியாது. வைரஸ் தொற்று, அதைத் தொடர்ந்து உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நாளத்தையே தாக்குவது என்ற கருதுகோளுக்கு எலிச் சோதனைகளின் ஆதரவு உண்டு. எனக்கு மிகவும் சுவையாகப் படுவது ஆஸ்திரேலிய ஆட்டுக்குட்டிகளின் கதை. நியூ சவுத் வேல்ஸில் 1964, 1988, 2007 ஆகிய ஆண்டுகளில் பித்தநாளம் மூடிய குட்டிகள் கூட்டமாகப் பிறந்தன. வறட்சியில் அணை நீர் வற்றி வெளிப்பட்ட நிலத்தில் முளைத்த ஒரு களைச்செடியைச் சினை ஆடுகள் மேய்ந்திருந்தன. அந்தச் செடியிலிருந்து பிலியாட்ரெசோன் என்ற நச்சைப் பிரித்தெடுத்து, அது வரிக்குதிரை மீன் குஞ்சுகளின் பித்தநாளங்களையும் அழிக்கிறது என்று 2015-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கருவுற்ற பெண்கள் யாரும் அந்தச் செடியைத் தின்பதில்லை. ஆனாலும் தாயைத் தொடாமல் கருவின் பித்தநாளத்தை மட்டும் குறிவைக்கும் நச்சு ஒன்று இருக்க முடியும் என்பது தெளிவாகிவிட்டது.

நோய் கருப்பையிலேயே தொடங்குகிறது என்பதற்கு இன்னொரு சான்று அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து வந்தது. பின்னாளில் இந்த நோய் உறுதியான குழந்தைகளின் பழைய ரத்தப் பரிசோதனைகளைத் தேடிப் பார்த்தபோது, பிறந்த ஓரிரு நாளிலேயே நேரடி பிலிருபின் வரம்பை மீறியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். இதைவைத்து, பிறந்தவுடன் ஒருமுறை, சந்தேகமானால் இரண்டாவது வாரத்தில் மறுமுறை என்று இரு கட்டப் பரிசோதனையை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்தி 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சை நடந்த சராசரி வயது 56 நாளிலிருந்து 36 நாளாக இறங்கியது. புதுக் கருவியோ புது மருந்தோ எதுவும் இல்லை. ஏற்கெனவே இருந்த பரிசோதனையை முன்கூட்டியே செய்தார்கள்.

நேரடி பிலிருபின் அதிகம் என்று தெரிந்த பிறகுதான் உண்மையான சிரமம். அதற்குக் காரணமாகக்கூடிய நோய்கள் டஜன் கணக்கில் உள்ளன. கேலக்டோசீமியா (பாலிலுள்ள ஒரு சர்க்கரையை உடலால் கையாள முடியாத நோய்), தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீர்த் தொற்று போன்றவற்றை உடனே பிடித்தால் மருந்தாலோ உணவு மாற்றத்தாலோ சரிசெய்யலாம். முதலில் இவற்றைக் கழித்துவிடுவார்கள். மிச்சமிருப்பவற்றில் அறுவை சிகிச்சை தேவைப்படுவது எது என்று கண்டுபிடிக்க இருக்கும் ஒவ்வொரு பரிசோதனையும் பாதிப் பதில்தான் தரும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை எடுத்துக்கொள்வோம். பித்தப்பை நிரம்ப வேண்டும் என்பதால் நான்கு மணி நேரம் பால் கொடுக்காமல் எடுப்பார்கள். பித்தப்பை இல்லாமலோ, சுருங்கிச் சுவர் கோணலாகவோ இருந்தால் சந்தேகம் வலுக்கும். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு முன்னால் முக்கோண வடிவில் வெண்மையான ஒரு தடிப்பு 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தெரிந்தால் அது ஏறக்குறைய நோயின் முத்திரை. அதுதான் நார்க்கயிறாகிப்போன நாளம். ஆனால் இந்த அடையாளம் எல்லோரிடமும் தெரியாது. ஸ்கேன் எடுப்பவரின் கை, கண் இரண்டையும் பொறுத்தது. அறிக்கையின் கடைசி வரியில் 'பித்தநாளங்கள் விரிவடையவில்லை' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆறுதல் அடைபவர்கள் உண்டு. பெரியவர்களுக்குக் கல் அடைத்தால் மேலே உள்ள நாளங்கள் உப்பும், அது சரி. இங்கே கல்லீரலுக்கு உள்ளே இருக்கும் நாளங்களும் சேர்ந்து இறுகுவதால் உப்புவதற்கு எதுவும் இல்லை. அந்த வரி பச்சிளங்குழந்தைக்கு எந்த உத்தரவாதமும் தராது.

கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி அது குடலுக்கு வருகிறதா என்று பார்க்கும் ஹைடா ஸ்கேன் இன்னொன்று. மருந்து குடலுக்கு வந்துவிட்டால் அடைப்பு இல்லை எனலாம். வராவிட்டால் எதுவும் நிரூபணமாகாது. கல்லீரல் செல் பலவீனமாக இருந்தாலும் வராது. இதற்காக ஐந்து நாள் பித்த ஓட்டத்தைத் தூண்டும் பீனோபார்பிட்டால் மாத்திரை கொடுத்துத் தயார்ப்படுத்தும் வழக்கமும் உண்டு. ஐம்பது நாள் குழந்தைக்கு ஐந்து நாளைச் செலவழித்து 'தெரியவில்லை' என்ற பதிலை வாங்குவதைவிட அதைத் தவிர்ப்பதே மேல் என்று பல மையங்கள் இன்று முடிவுசெய்துவிட்டன. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஊசி வழியே கல்லீரல் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி இவற்றில் அதிகம் நம்பத்தக்கது. சிறு பித்தநாளங்கள் எண்ணிக்கையில் பெருகியிருப்பது, அவற்றுக்குள் பித்தம் கெட்டிப்பட்டிருப்பது, சுற்றிலும் நார்த்திசு என்று நுண்ணோக்கியில் அடைப்பின் சுவடு தெரியும். மிகச் சீக்கிரம் எடுத்தால் சுவடு தெளியாமல் போகலாம். ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு என்ற மரபணு நோய் இதே தோற்றத்தைக் காட்டி ஏமாற்றலாம். ரத்தத்தில் எம்எம்பி-7 என்ற புரதத்தை அளப்பது அண்மைக்காலத்தில் நம்பிக்கை தரும் வழி. எல்லா ஆய்வகத்திலும் கிடைப்பதில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் நேரக்கூடாது. அலஜில் (Alagille) நோய்க்குறித் தொகுதி என்ற பிறவி நோய் உள்ள குழந்தைக்குப் பித்தநாளங்கள் பிறவியிலேயே குறைவாக இருக்கும். மலம் வெளுக்கும், ஸ்கேனும் குழப்பும். இந்தக் குழந்தைக்கு அடைப்புக்கான அறுவை சிகிச்சையைச் செய்தால் பலனில்லை, கெடுதலும் நேரலாம். இதயத்தில் முணுமுணுப்பு ஒலி, வண்ணத்துப்பூச்சி வடிவ முதுகெலும்பு, கண்ணின் விளிம்பில் ஒரு வளையம் என்று மற்ற உறுப்புகளில் அடையாளம் தேடுவது இதற்காகத்தான்.

உறுதியான பதில் ஒரே இடத்தில்தான் கிடைக்கும்: அறுவை அரங்கில். சிறு கீறலில் பித்தப்பையை வெளிக்கொணர்ந்து சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். சாயம் கீழே குடலுக்கும் மேலே கல்லீரலுக்கும் பாய்ந்தால் நாளம் நன்றாக இருக்கிறது; பயாப்ஸி மட்டும் எடுத்து மூடிவிடுவார்கள். பித்தப்பையே வழியில்லாத நார்த்துண்டாகக் கிடந்தால் சாயம் ஏற்றவே தேவையில்லை. சில குழந்தைகளுக்கு வயிற்றைத் திறந்தது வீணாகத்தான் போகும். அதை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். நூற்றுக்கு நூறு உறுதியான பிறகே கத்தி எடுப்பேன் என்று காத்திருக்கும் மருத்துவமனை, அடைப்புள்ள குழந்தைகளைத் தாமதமாகத்தான் மேசைக்குக் கொண்டுவரும்.

அறுவை சிகிச்சையின் வரலாற்றில் அரை நூற்றாண்டுக்கும் மேல் இருட்டுதான். எடின்பரோவின் மருத்துவர் ஜான் தாம்சன் 1890-களின் தொடக்கத்திலேயே நோயை விரிவாகப் பதிவுசெய்தார். 1916-இல் ஹோம்ஸ் என்ற மருத்துவர், சிலருக்கு மட்டும் சரிசெய்யக்கூடிய நாள மிச்சம் இருக்கிறது என்று காட்டினார். 1928-இல் பாஸ்டனின் அறுவை நிபுணர் வில்லியம் லாட் அத்தகைய சிலரைக் காப்பாற்றினார். மூன்றாவது வகைக் குழந்தைகளுக்கு, அதாவது பெரும்பாலோருக்கு, 'சரிசெய்ய இயலாதது' என்ற முத்திரையே தொடர்ந்தது. குடலோடு இணைக்க நாளமே இல்லாதபோது எதை இணைப்பது?

ஜப்பானின் செண்டாய் நகரில், தொஹோக்கு பல்கலைக்கழகத்தின் மொரியோ கசாய் 1955-இல் 72 நாள் குழந்தை ஒன்றுக்கு அறுவை செய்துகொண்டிருந்தார். நார்த்திசுவை அறுத்த இடத்தில் ரத்தம் கசிய, அதை அடக்கச் சிறுகுடலை அந்த இடத்தின் மேல் வைத்துப் பொருத்தினார் என்றும், பிறகு குழந்தையின் மலம் நிறம் மாறியது என்றும் சொல்லப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் நாளம் எதுவும் இல்லாவிட்டாலும் அந்த நார்த்திசுவுக்குள் நுண்ணிய பித்த வழிகள் உயிரோடு இருக்கின்றன என்பதுதான் அவர் கண்டது. 1959-இல் ஜப்பானிய மொழியில் வெளியிட்டார். ஆங்கிலத்தில் கட்டுரை வந்தது 1968-இல். அதன் பிறகும் மேற்குலகம் ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

இன்று செய்வதும் அடிப்படையில் அதே அறுவைதான். வலது விலாவுக்குக் கீழே வயிற்றைத் திறந்தால் பச்சை கலந்த பழுப்பில், தொட்டால் கெட்டியான கல்லீரல் தெரியும். பித்தப்பையையும் நார்க்கயிறான நாளத்தையும் மேல்நோக்கிப் பிரித்துக்கொண்டே போனால், போர்ட்டல் சிரையின் இரு கிளைகளுக்கு நடுவே அது ஒரு கூம்பாக விரிந்து கல்லீரலின் வாசலில் ஒட்டிக்கொண்டிருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்த நிபுணர் அந்தக் கூம்பைக் கல்லீரலின் பரப்போடு பரப்பாகச் சீவி எடுப்பார். கை தயங்கி மேலாக நின்றுவிட்டால் நுண்வழிகள் திறக்காது. ஆழமாகப் போனால் கல்லீரல் காயப்பட்டு அங்கே புதுத் தழும்பு மூடிவிடும். கசியும் ரத்தத்தை மின்சூட்டால் பொசுக்கவும் கூடாது, உயிரோடு இருக்கும் வழிகளும் சேர்ந்து பொசுங்கும். துணி வைத்து அழுத்திப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பிறகு சிறுகுடலைத் துண்டித்து ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் நீளக் கையை மேலே கொண்டுவந்து, சீவிய பரப்பைச் சுற்றி அதன் விளிம்பில் மெல்லிய நூலால் தைப்பார்கள். பரப்பின் மேல் ஒரு தையல்கூட விழக்கூடாது. லேப்ரோஸ்கோப்பி வழியாகவும் செய்து பார்த்தார்கள். ஜெர்மனியில் நடந்த ஆய்வில் முடிவுகள் பின்தங்கியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். திறந்த முறையே பெரும்பாலான இடங்களில் நிலைத்திருக்கிறது.

இப்படிப்பட்ட அறுவையை ஆண்டுக்கு ஒன்று செய்பவரும் இருபது செய்பவரும் ஒன்றாக முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1999 முதல் லண்டன், பர்மிங்காம், லீட்ஸ் ஆகிய மூன்று மையங்களில் மட்டுமே இதைச் செய்வது என்று முடிவெடுத்தார்கள், முடிவுகள் மேம்பட்டன. குடும்பத்துக்கு அலைச்சல் கூடும் என்பது உண்மைதான். பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையா, பழகிய கையா என்றால் இந்த நோயில் பழகிய கைக்கே என் வாக்கு.

அறுபது நாள் என்ற எல்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது மதில் அல்ல. 61-ஆம் நாள் எதுவும் முடிந்துவிடுவதில்லை. 80, 90 நாளில் அறுவை செய்து நன்றாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். 40 நாளில் செய்தும் பித்தம் ஓடாதவர்களும் இருக்கிறார்கள். நாள் கூடக்கூட வாய்ப்பு சரிகிறது என்பதே கணக்கு. நூறு நாளைத் தாண்டி, வயிற்றில் நீர் கோத்துக் கல்லீரல் இறுகிவிட்ட குழந்தைக்கு நேரடியாக மாற்றுக் கல்லீரலைப் பற்றி யோசிப்பதே பல சமயம் நியாயம்.

அனுபவமுள்ள மையங்களில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அறுவைக்குப் பிறகு மஞ்சள் தெளிகிறது. மூன்று மாதத்துக்குள் மொத்த பிலிருபின் 2-க்குக் கீழே இறங்கினால் சொந்தக் கல்லீரல் நீடிக்கும் வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு கொடுத்தால் பித்தம் நன்றாக ஓடும் என்ற நம்பிக்கையை 140 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் சோதித்தார்கள். 2014-இல் வந்த முடிவில் உறுதியான பலன் தெரியவில்லை. கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே வைட்டமின்கள், எளிதில் செரிக்கும் கொழுப்பு கலந்த பால், எடையை விடாமல் கண்காணிப்பது ஆகியவை கவர்ச்சியற்ற வேலைகள். ஆனால் குழந்தையைத் தாங்கி நிறுத்துபவை. வைட்டமின் கே குறைந்தால் மூளைக்குள் ரத்தக் கசிவே நோயின் முதல் அறிகுறியாக வந்து நிற்கலாம்.

குடல் நேரடியாகக் கல்லீரலோடு இணைந்துவிட்டதால் குடல் கிருமிகள் மேலேறுவதும் எளிது. காய்ச்சல், திரும்ப வரும் மஞ்சள், வெளுக்கும் மலம் என்றால் பித்தநாளத் தொற்று. முதல் இரண்டு ஆண்டுகளில் அடிக்கடி வரும், ஒவ்வொரு முறையும் கல்லீரலில் கொஞ்சம் தழும்பை விட்டுப்போகும். வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாத காய்ச்சல் இது.

பித்தநாள நீர்க்கட்டி என்ற உறவுக்கார நோயையும் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் ஸ்கேனில் கல்லீரலின் வாசலில் ஒரு நீர்ப்பை தெரிந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பெண் குழந்தைகளுக்கே இது அதிகம். முன்பு கட்டியைக் குடலோடு இணைத்து விட்டுவிடுவார்கள். பின்னாளில் கட்டியின் சுவரில் புற்றுநோய் தோன்றுவது தெரிந்த பிறகு முழுவதையும் அகற்றிவிட்டு நல்ல நாளத்தைக் குடலோடு இணைப்பதே முறையாயிற்று. சரியான நேரத்தில் செய்தால் முடிவு பித்தநாள அடைப்பைவிட எவ்வளவோ மேல்.

அடைப்பு நோயில் அறுவை வெற்றி பெற்றாலும் உள்நாளங்களின் அழற்சி பலருக்கு ஓய்வதில்லை. குழந்தைகளுக்குச் செய்யும் கல்லீரல் மாற்று அறுவைகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் இந்த ஒரே நோய். 1963-இல் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் உலகின் முதல் மனிதக் கல்லீரல் மாற்றுக்கு முயன்றதும் இந்த நோயுள்ள மூன்று வயதுக் குழந்தைக்குத்தான். ரத்தப்போக்கால் குழந்தை மேசையிலேயே இறந்தது. சிறு உடலுக்குப் பொருந்தும் சிறு கல்லீரல் கிடைப்பது அரிது என்ற தடையை 1989 உடைத்தது. பிரிஸ்பேனில் ஒரு தாயின் கல்லீரலின் ஒரு பகுதியை மகனுக்குப் பொருத்தி வெற்றி கண்டார்கள். அதன்பின் பெற்றோரின் இடப்பக்கச் சிறுமடலைக் கொடுப்பது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. கொடுத்தவருக்கு மிச்சக் கல்லீரல் சில மாதங்களில் வளர்ந்து ஈடுசெய்யும். கசாய் அறுவை தோற்றுப்போனால்தான் மாற்று என்று பார்ப்பதைவிட, குழந்தை எடை ஏறி, மாற்றுக்குத் தாங்கும் உடல் பெறும்வரை முந்தையது காலம் வாங்கிக் கொடுக்கிறது என்று பார்ப்பது பொருத்தம்.

இன்னொரு கூட்டமும் வளர்ந்து வந்திருக்கிறது: சொந்தக் கல்லீரலோடு இருபது, முப்பது வயதைத் தாண்டியவர்கள். படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள், சிலர் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு மண்ணீரல் பெருத்தும் உணவுக்குழாயில் சிரைகள் புடைத்தும் இருக்கும். எண்டோஸ்கோப்பியில் பார்த்து, வெடிக்கும் முன் கட்டிவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் போர்ட்டல் சிரையின் ரத்த அழுத்தம் கூடுவதால் மகப்பேறு மருத்துவரும் கல்லீரல் மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டியிருக்கும். குழந்தைகள் மருத்துவர் கைவிட்டு, பெரியவர்களுக்கான மருத்துவர் கைப்பற்றாத அந்தப் பதினெட்டு வயது இடைவெளியில்தான் பலர் கண்காணிப்பிலிருந்து நழுவுகிறார்கள். வயிற்றுத் தழும்பின் கதையை, கைக்குழந்தையாக இருந்தபோது என்ன அறுவை நடந்தது என்பதை, புது மருத்துவரிடம் பெயர் சொல்லிச் சொல்லத் தெரிந்திருப்பது இவர்களுக்கு மாத்திரை அளவுக்கு முக்கியம்.